ரூத் ஹேண்ட்லர்: பொம்மைக்குப் பிள்ளைகளின் பெயரை வைத்த அம்மா

செம்பருத்தி எழுதியது:

மறைந்த பெண் தொழிலதிபர்களைப் பற்றி ஆளுக்கொரு இழை தொடங்கலாம் என்று நெறியாளர் சொல்லியிருந்தார். நான் ரூத் ஹேண்ட்லரை எடுத்துக்கொள்கிறேன். பார்பி பொம்மையை உண்டாக்கியவர், மேட்டல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1916 நவம்பர் 4-இல் பிறந்தவர், 2002 ஏப்ரல் 27-இல் 85 வயதில் காலமானார்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் ஊர்க்காரி. போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம், அப்பா கொல்லர். ரூத் பத்தாவது பிள்ளை. பத்துப் பெற்ற தாய் உடம்பு முடியாமல் படுத்துவிட, கைக்குழந்தையாக இருக்கும்போதே மூத்த அக்கா சாரா எடுத்து வளர்த்தாள். அந்த அக்காவுக்கு மருந்துக்கடை இருந்தது, உள்ளேயே சோடா, ஐஸ்கிரீம் கவுண்ட்டரும் உண்டு. பள்ளி முடிந்தால் ரூத் அங்கேதான் நிற்பாள். வீட்டில் பொம்மை வைத்து விளையாடுவதைவிடக் கடையில் நிற்கத்தான் அவளுக்குப் பிடிக்கும். பொம்மை விற்றே உலகப் பேர் வாங்கியவளுக்கு இது வேடிக்கையான தொடக்கம்தான்.

1938-இல் எலியட் ஹேண்ட்லரைக் கல்யாணம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார்கள். எலியட் வரைகிறவர், கூச்ச சுபாவம், நாலு பேரிடம் போய்ப் பேச வராது. கண்ணாடி மாதிரி இருக்கும் புது பிளாஸ்டிக்கில் அவர் அலங்காரப் பொருள்கள் செய்வார், ரூத் பெட்டியில் போட்டுக்கொண்டு போய் ஆர்டர் பிடித்து வருவாள். டக்ளஸ் விமானக் கம்பெனியில் பரிசுப்பொருள் ஆர்டர் வாங்கியதும் அவள்தான். 1945-இல் நண்பர் ஹரால்ட் மேட்சனோடு சேர்ந்து தொடங்கியதுதான் மேட்டல். மேட்சன் சீக்கிரமே விலகிக்கொண்டார். முதலில் செய்தது படச்சட்டம். அதில் மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் பொம்மை வீட்டுக்கு மேஜை நாற்காலி செய்தார்கள், அது சட்டத்தைவிட நன்றாகப் போயிற்று.

நடுவில் 1941-இல் பார்பரா, 1944-இல் கென்னத். பார்பரா பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் இருந்து பார்த்தாள். இருப்புக் கொள்ளவில்லை. திரும்பப் போய்விட்டாள்.

என்னை இழுத்த இடம் இனிமேல்தான். பார்பராவும் தோழிகளும் காகிதப் பொம்மைகளை வைத்து விளையாடுவார்கள். தாளிலிருந்து கத்தரித்து, காகிதச் சட்டையை மாட்டி, ஓரத்துக் காதுகளை முதுகுப் பக்கம் மடித்துவிடும் பொம்மைகள். கடையில் பாப்பா படம் போட்ட தாளும் கிடைக்கும், பெரிய பெண்கள் படம் போட்டதும் கிடைக்கும். பிள்ளைகள் எப்போதும் பெரிய பெண்களைத்தான் எடுத்தார்கள். அந்தப் பெண்களை வைத்து, தாங்கள் வளர்ந்தபின் என்ன ஆவோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று கடைகளில் இருந்த பொம்மைகளோ பெரும்பாலும் கைக்குழந்தைகள். தூக்கலாம், பால் புகட்டலாம், தூங்கவைக்கலாம். அதாவது ஆறு வயதுப் பெண் விளையாடும்போதுகூட அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்கு ஓடிய ஒரு தாய், வீட்டில் இருந்த நேரத்தில் மகளின் விளையாட்டை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறாள். அவளுடைய தாய்மையை இங்கேதான் பார்க்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

அக்கா, மன்னிக்கணும், கொஞ்சம் ஓவரா இருக்கு. மகள் விளையாட்டைப் பார்த்து ஐடியா வந்துச்சுன்னு கம்பெனிக்காரங்க சொல்ற கதை இது. ஜெர்மனியில 'லில்லி'ன்னு ஒரு பொம்மை முன்னாடியே இருந்துச்சே? அதைப் பார்த்து அடிச்ச காப்பிதானே பார்பி?

இன்னொன்னு. 1963-ல வந்த ஒரு பார்பி செட்டுல குட்டியா ஒரு புத்தகம் வரும். எடை குறைப்பது எப்படின்னு தலைப்பு. பின்னட்டையில ஒரே அறிவுரை: சாப்பிடாதே! இதைச் செஞ்ச கம்பெனியில முடிவெடுக்கிற நாற்காலியில இருந்தவங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சு. நினைச்சா ஒரு மாதிரியா இருக்கு.

---

செம்பருத்தி எழுதியது:

தம்பி, லில்லி விஷயம் உண்மை. மறைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. 'பில்ட்' என்கிற ஜெர்மன் பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரப் பெண் அவள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கிண்டலுக்கு வாங்கிக் கொடுக்கிற சாமானாக, புகையிலைக் கடையில்கூட விற்றார்கள். 1956-இல் குடும்பத்தோடு ஐரோப்பா போனபோது சுவிட்சர்லாந்தில் ரூத் அதைப் பார்த்தாள், மூன்று வாங்கினாள். ஆனால் பெரிய பெண் உருவத்தில் பொம்மை செய்யலாம் என்று அதற்கு முன்பே எலியட்டிடமும் கம்பெனி ஆட்களிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மார்பகம் உள்ள பொம்மையை எந்த அம்மா தன் பெண்ணுக்கு வாங்கித் தருவாள் என்று ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில் தள்ளிவிட்டார்கள். செய்து காட்ட ஒரு மாதிரி இல்லாமல் இருந்தது, லில்லி கிடைத்தாள். பிறகு வழக்கு வந்தது, 1963-இல் சமரசம் ஆயிற்று, 1964-இல் லில்லியின் உரிமையை மேட்டலே வாங்கிவிட்டது. வாங்கியதாலேயே எடுத்தது நியாயமாகிவிடாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சாப்பாட்டுப் புத்தகத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது அசிங்கம்தான்.

ஒன்று கவனித்தீர்களா? 1956-இல் பார்பராவுக்குப் பதினைந்து வயது. பார்பி நியூயார்க் பொம்மைக் கண்காட்சிக்கு வந்தது 1959 மார்ச் 9. அப்போது பதினேழு. மகளுக்காக யோசித்தது மகள் விளையாடுகிற வயதைத் தாண்டிய பிறகுதான் கைக்கு வந்தது.

---

மதுரைக்காரி எழுதியது:

பெரிய பொம்பளை உருவத்தில் இருக்கிற பொம்மையை எந்த அம்மாவும் வாங்கித் தரமாட்டாள் என்று கம்பெனி ஆண்கள் பயந்தார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நம்ம மரப்பாச்சி என்ன, கைக்குழந்தையா? கொண்டையும் இடுப்பும் மார்புமாக முழுப் பெண், பக்கத்தில் முழு ஆண். செம்மரத்தில் கடைந்தது. பாதி வீடுகளில் கல்யாணச் சீரோடு வந்ததுதான் இருக்கும். நவராத்திரிக்கு முந்தின வாரம் அம்மா பட்டுத் துணி வெட்டு கிடைக்குமா என்று டெய்லர் கடையில் கேட்டுவிட்டு வருவாள். ராஜாவுக்கு ஜரிகை வேட்டி, ராணிக்குப் பாவாடை மாதிரி கொசுவம் வைத்த புடவை. கழுத்தில் கருகமணி. அதைக் கட்டிவிடுவதற்கு எனக்கும் என் தங்கைக்கும் சண்டை.

கை கால் அசையாது என்பதுதான் வித்தியாசம். அப்புறம் இன்னொரு வித்தியாசமும் உண்டு. மரப்பாச்சிக்கு எப்போதும் ஜோடி, அவள் ராஜாவின் ராணி. பார்பி தனியாகவே கடைக்கு வந்தாள், அவளுக்கு ஜோடியான கென் இரண்டு வருஷம் கழித்து 1961-இல்தான். 1965-இல் விண்வெளி வீராங்கனை உடையும் போட்டுவிட்டார்கள். நிலவில் ஆண்களே கால் வைக்காத காலம். அந்த ஒன்றுக்காக ரூத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எங்கள் கொலுவில் கீழ்ப் படியில் செட்டியார் கடைக்குப் பக்கத்தில் புடவை கட்டிய பார்பி ஒன்று நிற்கும். தொண்ணூறுகளில் இங்கே விற்ற லியோ மேட்டல் பெட்டி. நெற்றியில் பொட்டு, தலையில் பொன்னிற முடி!

---

தையல்மிஷின் எழுதியது:

நான் தையல்காரி. அதனால பொம்மையைவிட அதோட துணிதான் என் கண்ணுக்குத் தெரியும்.

முதல் பார்பி பதினொன்றரை அங்குல உயரம், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடை, விலை 3 டாலர். காசு அதுல இல்லை, உடுப்புலதான். தனித்தனிப் பொட்டலமா வரும், ஒண்ணொண்ணும் தனி விலை. ஷார்லட் ஜான்சன்னு ஒரு உடை வடிவமைப்பாளரை ரூத் ஜப்பானுக்கே அனுப்பி உட்கார வச்சாங்க. தோக்கியோவுல ஓட்டல்ல தங்கி, துணி தேடி, மாதிரி தச்சு, மறுபடி மறுபடி திருத்தி வேலை வாங்குனாங்க. தச்சது பெரும்பாலும் ஜப்பான்ல வீட்டிலிருந்தே வேலை செய்யற பெண்கள்.

பழைய உடுப்பு ஒண்ணை ஒருத்தர் சேகரிப்புல கையில எடுத்துப் பார்த்திருக்கேன். உள்ளே லைனிங் துணி இருக்கு! சுண்டுவிரல் அகலத்துல கழுத்து, அதைத் திருப்பி மடிச்சுத் தச்சிருக்கு. முதுகுல நிஜமாவே ஏறி இறங்குற ஜிப். பெரியவங்க பிளவுஸ்ல கழுத்து திருப்புறதே சரியா வராம பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறோம். பிரின்ட் துணியும் பூ பெரிசா இருந்தா பொம்மைக்கு ஒரே பூவா போயிடும், அதனால சின்ன பூவாத் தேடணும். துணி தடிமனா இருந்தா இடுப்புல மடிப்பு மடிப்பா நிக்கும். பொம்மை இடுப்பு அவ்வளவு சிறுசா இருந்ததுக்கு இதையும் ஒரு காரணமாச் சொல்லுவாங்க. மேல நாலு அடுக்கு துணி வந்தா சரியாத் தெரியணுமேன்னு. முழுக்க ஒத்துக்க மாட்டேன், ஆனா தச்சுப் பார்த்தவங்களுக்கு அதுல பாதி உண்மை தெரியும்.

அந்த ஜப்பான் பெண்கள் பேர் எங்கேயும் வரலை பாருங்க. ஒவ்வொரு பொம்மை கதையிலயும் முதலாளியம்மா பேரு மட்டும்தான் நிக்கும்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஓய்வு பெற்ற தணிக்கையாளன். அம்மா கதை எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் வியாபாரக் கதையை எழுதுகிறேன். அதில் இரண்டு கணக்கு முக்கியம்.

முதல் கணக்கு 1955. ஏபிசி தொலைக்காட்சியில் மிக்கி மவுஸ் கிளப் என்ற சிறுவர் நிகழ்ச்சி தொடங்கப் போகிறது. ஒரு வருஷம், 52 வாரமும் விளம்பரம் போட 5 லட்சம் டாலர் கேட்டார்கள். அன்றைக்கு மேட்டலின் மொத்தச் சொத்து மதிப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். ரூத் கம்பெனிக் கணக்கரைக் கூப்பிட்டு, இது கவிழ்ந்தால் நாம் முழுகிவிடுவோமா என்று கேட்டாளாம். முழுக மாட்டோம், ஆனால் பலமாக அடி படும் என்றாராம் அவர். கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதுவரை பொம்மை விளம்பரம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மட்டும்தான், அதுவும் பெற்றோரைப் பார்த்து. இவள் வருஷம் முழுக்க நேராகக் குழந்தையோடு பேசினாள். அந்த விளம்பரத்தில் ஓடிய பொம்மைத் துப்பாக்கி கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் காலி. இன்று உங்கள் பேரப்பிள்ளை விளம்பரத்தைப் பார்த்து இது வேணும் என்று தரையில் புரண்டு அழுதால், அதற்கு இவளும் ஒரு காரணம். பாராட்டா புகாரா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

1959-லும் அதே துணிச்சல். கண்காட்சிக்கு வந்த கொள்முதல்காரர்கள் பெரும்பாலும் ஆண்கள், பார்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனமான சியர்ஸ் வாங்கவில்லை. ரூத் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் விளம்பரம் ஓட ஆரம்பித்து, பள்ளி விடுமுறை வந்ததும் சரக்கு பறந்தது. முதல் வருஷமே சுமார் 3 லட்சம் பொம்மைக்கு மேல். 1960-இல் பங்குச் சந்தை, 1967-இல் ரூத் கம்பெனித் தலைவர்.

இரண்டாவது கணக்கு கசப்பு. 1970-இல் மெக்சிகோவில் இருந்த ஆலை தீப்பிடித்தது, மறுவருஷம் துறைமுக வேலைநிறுத்தம். பங்கு விலை விழக்கூடாது. என்ன செய்தார்கள் என்றால், வாடிக்கையாளர் பெயரில் பில் போட்டார்கள், சரக்கைக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டார்கள், ஆர்டரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்ற நிலையிலும் அதை விற்பனை என்று புத்தகத்தில் ஏற்றினார்கள். தணிக்கை படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இதைப் பாடமாக நடத்துவார்கள். மார்ச் 31-ஆம் தேதி நள்ளிரவில் நம் ஊரில் நடக்காததா என்று கேட்காதீர்கள், நடக்கும். பிடிபட்டால் பெயர் போகும். 1975-இல் ஹேண்ட்லர் தம்பதி தாங்கள் பெற்ற கம்பெனியை விட்டே வெளியேற வேண்டி வந்தது. 1978-இல் ரூத் மேல் சதி, அஞ்சல் மோசடி, பொய்க் கணக்குக் குற்றச்சாட்டு. அவள் வழக்காடவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்க்காமல் தீர்ப்பை ஏற்கிறேன் என்றாள். 57,000 டாலர் அபராதம், 2,500 மணி நேரம் சமூக சேவை. தான் தப்பு செய்யவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவர் நாற்காலியில் இருந்தவர் அப்படிச் சொன்னால் என் போன்ற ஆளுக்கு அது செரிப்பதில்லை.

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

சார் சொன்னதுக்கு அப்புறம் நான் பேசவே வேணாம். அஞ்சலின்னு ஆரம்பிச்ச இழை வழக்கு மன்றமா ஆயிடுச்சு 😀

---

நெறியாளர்:

இருக்கட்டும், இரண்டும் வேண்டும். பார்பி சினிமாவைப் பற்றிய சண்டைக்கு மட்டும் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

---

அம்பத்தூர்அக்கா எழுதியது:

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு ஒரு பக்க மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டாக்டர் எல்லாம் விளக்கமாகச் சொன்னார். அதற்கப்புறம் என்ன போட்டுக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு கடையில் போய்க் கேட்டோம். கவுண்ட்டரில் நின்ற பையன் முகத்தைப் பார்க்காமல் ஒரு பேட் எடுத்து மேஜையில் போட்டான். இடம் வலம் எல்லாம் ஒன்றுதான் மேடம் என்றான். வீட்டுக்கு வந்து போட்டால் கை தூக்கும்போதெல்லாம் பேட் கழுத்துப் பக்கம் ஏறும். அம்மா அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பழைய பருத்தித் துணியைச் சுருட்டி பிளவுஸுக்குள் வைத்துக்கொண்டாள். யாராவது வந்தால் முந்தானையை இழுத்து இழுத்து விடுவாள். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

ரூத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது 1970-இல். இடது மார்பகத்தை எடுத்தார்கள். அமெரிக்காவில், அவ்வளவு பணம் இருந்தும், அவளுக்குக் கடையில் கிடைத்ததும் இதே மாதிரி உருவமில்லாத உருண்டைதான். செருப்புக்கு வலது இடது இருக்கும்போது இதற்கு ஏன் இல்லை என்று கேட்டவள் அவள். கம்பெனியை விட்டுத் துரத்தப்பட்ட மறுவருஷம், 1976-இல், செயற்கை உறுப்பு செய்கிற பெய்டன் மாஸி என்பவரைப் பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கினாள். வலதுக்குத் தனி, இடதுக்குத் தனி, பிரா அளவுக்குத் தகுந்த மாதிரி அளவு. உள்ளே திரவ சிலிகான், மேலே பாலியூரிதேன் உறை, முதுகுப் பக்கம் கெட்டியான ஃபோம். தொட்டால் நிஜம் மாதிரி இருக்க வேண்டும், எடையும் இருக்க வேண்டும். எடை ஏன் முக்கியம் என்று போட்டவர்களைக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாரம் இல்லாமல் போனால் தோள்பட்டை மெல்ல ஒரு பக்கமாகச் சாயும், முதுகு வலி வரும்.

விற்கப் போனதும் அவளேதான். கூட வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் இதே நோயிலிருந்து மீண்ட நடுவயதுப் பெண்கள். ஊர் ஊராகக் கடைக்குப் போய், அளவெடுக்கிற அறையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பொருத்திக் காட்டுவார்கள். அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் ரூத்தே பொருத்தினாள். பேட்டிக்கு வந்த நிருபரிடம் எது நிஜம், எது செயற்கை, தொட்டுச் சொல்லு பார்க்கலாம் என்று சவால் விடுவாளாம்! எங்கள் வீட்டில் இதைச் சத்தமாகச் சொல்லவே எல்லாரும் கூச்சப்பட்டோம். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். தொட்டுப் பார்க்கச் சொன்னாளா என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள்.

1991-இல் அந்தத் தொழிலைக் கிம்பர்லி கிளார்க் குழுமத்துக்கு விற்றுவிட்டாள். எனக்குப் பார்பி ஒரு பொருட்டே இல்லை. இதற்காகத்தான் அவளை நினைக்கிறேன்.

---

மதுரைக்காரி எழுதியது:

அக்கா, அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். மார்பகம் உள்ள பொம்மை வேண்டாம் என்று ஆண்கள் தடுத்த இடத்தில் தொடங்கி இங்கே வந்து முடிந்திருக்கிறது இவள் வேலை. சின்னப் பெண்ணின் தன்மதிப்புக்கு அப்படி ஒரு பொம்மை தேவை என்று நினைத்தவள், அதை இழந்த பெண்களுக்குத் தன்மதிப்பைத் திருப்பித் தருவது அதைவிடப் பெரிது என்று பின்னாளில் அவளே சொன்னாள்.

---

செம்பருத்தி எழுதியது:

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

வெட்டிப்பேச்சு தம்பி முதலில் குத்திக்காட்டியதற்கு, அதாவது இவள் நல்ல அம்மாவா என்பதற்கு, பிள்ளைகள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்பராவுக்குத் தன் பெயரில் உலகம் முழுக்க ஒரு பொம்மை இருப்பது பெருமையும் தொல்லையுமாக இருந்தது. நீதான் அந்தப் பார்பியா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது? கென்னத் நிலைமை இன்னும் மோசம். பியானோ, இசை என்று இருந்த பையன். அவன் பெயரில் வந்த பொம்மைக்கு ஆண் உடம்புக்கான அடையாளத்தை எவ்வளவு காட்டுவது என்று கம்பெனியில் பெரிய வாக்குவாதம். ரூத்தும் ஷார்லட்டும் கொஞ்சமாவது தெரியட்டும் என்றார்கள், ஆண் அதிகாரிகள் நெளிந்தார்கள். கடைசியில் வந்ததைப் பற்றி ஊர் உலகம் பேசிய கிண்டலையெல்லாம் கேட்டு வளர்ந்தது அந்தப் பையன். அக்காவுக்கும் தம்பிக்கும் வைத்த பெயர், பொம்மைகளில் காதலன் காதலியாகிவிட்டது என்ற சங்கடம் வேறு. ஒரு அம்மா இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. விற்பனைக்குப் பொருத்தமான பெயர் கையருகில் இருந்தது, வைத்துவிட்டாள்.

1994-இல் கென்னத் இறந்தார். ஐம்பது வயதுதான். ரூத்துக்கு எழுபத்தேழு. அதற்குப் பிறகு எட்டு வருஷம், கடைகளில் கென் பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். கையெழுத்து வேட்டைக்காரர்கள் கென் பொம்மையை நீட்டினால் அதில் பெயர் எழுத அவள் கை எப்படி வந்ததோ.

குடும்பம் மட்டும் கலையவில்லை. எலியட்டோடு அறுபத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது கல்யாணம். 1968-இல் ஹாட் வீல்ஸ் கார்களைக் கொண்டுவந்தது அவர்தான். இந்தியாவில் கார் வைத்து விளையாடிய அண்ணன்மார்களும் இந்த வீட்டுக்குக் கடன்பட்டவர்கள்தான். பெருங்குடலில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் ரூத் தேறவில்லை. எலியட் 2011 வரை இருந்தார், 95 வயது.

கணக்கப்பிள்ளை சாருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் எழுதிய இரண்டாவது கணக்கை நான் முதல் பதிவில் வேண்டுமென்றேதான் விட்டேன். அஞ்சலியில் முதல் பத்தியிலேயே அதைப் போட மனசு வரவில்லை. நீங்கள் போட்டது சரி.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

நான் போடாவிட்டால் வேறு யாராவது போட்டிருப்பார்கள் அம்மா. அந்த 2,500 மணி நேரத்தை அவள் முழுக்க உழைத்துக் கழித்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

அம்பத்தூர் அக்கா பதிவுக்கு அப்புறம் நான் சரண்டர். காப்பி அடிச்சாங்க, கணக்கு மாத்துனாங்க, அதெல்லாம் அப்படியே நிக்குது. ஆனா அறுபது வயசுல, பேர் கெட்டு, உடம்பு கெட்டு, மறுபடி பெட்டியைத் தூக்கிட்டுக் கடை கடையா ஏறுனது... எங்க பெரியம்மா ஞாபகம் வருது. அவங்களும் இப்படித்தான், சும்மா உட்காரத் தெரியாது.

---

தையல்மிஷின் எழுதியது:

அக்கா, அம்மாவோட பிளவுஸ் அளவும், எந்தப் பக்கம்னும் தனிச்செய்தியில அனுப்புங்க. லைனிங்குக்கும் துணிக்கும் நடுவுல ஒரு பை வச்சுத் தச்சா பேட் மேலே ஏறாது. பட்டை கொஞ்சம் அகலமா, ஓரத்துல எலாஸ்டிக். நம்ம வாடிக்கையாளர் ரெண்டு பேருக்கு அப்படித் தச்சுக் கொடுத்திருக்கேன். காட்டன் துணியா எடுங்க, தழும்பு இருக்கிற இடத்துல சிந்தெடிக் உறுத்தும்.

---

அம்பத்தூர்அக்கா எழுதியது:

இன்றைக்கே அனுப்புகிறேன் தங்கச்சி. வலது பக்கம்.

---

மதுரைக்காரி எழுதியது:

அடுத்த இழைக்கு நான் ஜஸ்வந்திபென் பொபட் எடுத்துக்கொள்ளட்டுமா? லிஜ்ஜத் அப்பளம். மும்பை கிர்காவ்ம் மாடியில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன், 1959 மார்ச் 15. செம்பருத்தி சொன்ன தேதியைப் பார்த்ததும்தான் கவனித்தேன், பார்பி வெளிவந்து ஆறே நாள் கழித்து! உழைத்த பெண்கள் பேர் எங்கேயும் வரவில்லையே என்று தையல்மிஷின் சொன்ன விஷயம் அங்கே வேறு மாதிரி போகும், ஏனென்றால் அப்பளம் இட்டவர்களே அங்கே பங்குதாரர்கள். யாரிடமாவது பழைய விஷயங்கள் இருந்தால் சேர்த்து வையுங்கள், நாளைக்கு ராத்திரி தொடங்குகிறேன்.